முழுக்கோடு

பிப்ரவரி 3, செவ்வாய்

மாநகராட்சிப் படிவத்தில் இன்று கையெழுத்திட்டேன். பல் மருத்துவர் அம்மாவின் புதிய கட்டடத்துக்கு நான்தான் சரிபார்க்கும் பொறியாளர். கணக்குப் போட ஒருவர், அந்தக் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க இன்னொருவர் என்பது விதி. இரண்டாவது வேலைக்கு நான் பிறவியிலேயே தகுதி பெற்றவன் என்று என் மனைவி சொல்வாள்.

ஏழாவது கேள்வி: "வடிவமைப்பாளர் உங்களுக்கு உறவினரா?" கீழே ஆறு கட்டங்கள் — தந்தை, தாய், வாழ்க்கைத் துணை, உடன்பிறந்தோர், மகன், மகள். சகலைக்குக் கட்டம் இல்லை. மனைவியின் தங்கையைக் கட்டியவன் அரசாங்கத்தின் கண்ணில் எனக்கு யாருமே இல்லை. பதினோரு ஆண்டுகளாக நான் மனதுக்குள் சொல்லிவருவதை அரசாங்கம் அச்சிட்டே கொடுத்துவிட்டது. "இல்லை" என்பதில் டிக் அடித்தேன்.

மறுத்திருக்கலாமா? மறுத்திருக்கலாம். ஆனால் அவன் கணக்கை வரிக்கு வரி பார்க்கும் உரிமையை வேறு எவனுக்கோ எப்படி விட்டுக்கொடுப்பது?

பிப்ரவரி 5, வியாழன்

சகலையின் வரைபடங்கள் வந்தன. நூற்று நாற்பத்திரண்டு பக்கம், வண்ணத்தில். மண்ணுக்கு மண் நிறம். தண்ணீருக்கு நீலம். படிக்கிறவனுக்கு மண்ணும் தண்ணீரும் தெரியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறான்.

மனை ஆறே முக்கால் மீட்டர் அகலம், இருபத்திரண்டு மீட்டர் நீளம். இடப்பக்கம் ஒரு வங்கியின் சுவர், புதியது, அஸ்திவாரம் ஆழமானது, அதனால் தொல்லை இல்லை. வலப்பக்கம் அறுபது வயதான மூன்று மாடி வீடு. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே கடைக்காரரும் அவர் மனைவியும். இரண்டுக்கும் நடுவில் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, நான்கு கார்களுக்கு நிலவறை கட்ட வேண்டும். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஆடாமல் நடுப்பல்லைப் பிடுங்கிப் புதுப்பல் வைக்கிற வேலை. உரிமையாளர் அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

பிப்ரவரி 9, திங்கள்

நான்கு நாட்கள். எல்லாக் கணக்கையும் கையால் திரும்பப் போட்டேன். ஒரு தவறும் இல்லை. அறுபத்தோராம் பக்கத்தில் "சுவர்" என்பதற்குப் பதில் "சுவ". அதைக் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. வரவேற்பறையில் கை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்று, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறது. எட்டு ஆண்டுகள் அது என்னுடையது. தங்கைக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லை.

"சின்ன மாப்பிள்ளை, இப்படிக் காத்து வர்ற பக்கம் உக்காருங்க" என்றார் மாமனார். என்னிடம் திரும்பி, "பெரிய மாப்பிள்ளைக்கு எங்க உக்காந்தாலும் சரிதான். அவரு நம்ம வீட்டு ஆளு."

நம்ம வீட்டு ஆளு முக்காலியில் உட்கார்ந்தான்.

சாப்பிட்டபின் சகலை, மாமனாரின் மாத்திரை டப்பாக்கள் பத்தை வரிசையாக வைத்து, மேலே ஒரு தடிமனான அகராதியை ஏற்றினான். "மாமா, இதுதான் கண்ணாடிக் கடை. டப்பாதான் அஸ்திவாரத்துக்குக் கீழ இருக்கிற மண்ணு. நாம அதைவிட ஆழமாப் போகணும். மொத்தமா எடுத்தா?" அகராதியைச் சாய்த்துக் காட்டினான். மாமனார் பதறினார். "அதனால ஒன்னை எடுக்கணும், அந்த இடத்துல காங்கிரீட்டை வைக்கணும், அது இறுகணும். பக்கத்துல இருக்கிறதைத் தொடக் கூடாது. மூணைத் தள்ளிட்டு அடுத்தது." டப்பாவை உருவி ரப்பர் துண்டைச் செருகினான். பத்தும் மாறின. அகராதி அசையவில்லை. மாமனார் கைதட்டினார்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கட்டுமான இடத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவான். மண் படாது. எப்படி என்று பலமுறை கவனித்திருக்கிறேன், தெரியவில்லை.

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "பத்தொன்பது வருஷமா நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கன்னு இன்னிக்குத்தாங்க எனக்குப் புரிஞ்சுது."

பிப்ரவரி 16, திங்கள்

அவன் வடிவமைப்பின் மீது முப்பத்தொரு கருத்துகள் எழுதி அனுப்பினேன். இருபத்தெட்டு, எழுத்தின் அளவைப் பற்றி.

பிப்ரவரி 17, செவ்வாய்

முப்பத்தொன்றுக்கும் பதில் வந்துவிட்டது. கடைசி வரி: "ரொம்ப நுணுக்கமாப் பார்த்திருக்கீங்க அண்ணே, நன்றி." கிண்டல் என்று நிரூபிக்க ஒரு மணி நேரம் முயன்றேன். கிண்டல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டி வைக்க ஓர் அடி இடம் கிடையாது. ஒரு லாரி நிரம்பினால் அது ஊருக்கு வெளியே போய் வந்த பிறகுதான் அடுத்த கை மண். இரும்புக் கம்பி வரும் நாளில் மண் லாரி வரக் கூடாது. காங்கிரீட் வரும் நாளில் இரண்டும் வரக் கூடாது. யார் எப்போது வர வேண்டும் என்று சகலை ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறான், வண்ணத்தில். மேஸ்திரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவர மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்ல சார்" என்றார். மேஸ்திரிக்கு என்னைப் பதினைந்து வருஷமாகத் தெரியும்.

மார்ச் 4, புதன்

கண்ணாடிக் கடைச் சுவரில் இருந்த பழைய விரிசல்களின் மேல் அளவுத் தகடுகள் ஒட்டினோம். விரிசல் எவ்வளவு விரிகிறது என்று தகட்டில் உள்ள கோடுகள் காட்டும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் வேலையை நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சகலையின் ஆள் வந்து குறித்துக்கொள்வான்.

கண்ணாடிக்காரர் தினமும் குறிக்கிறேன் என்றார். சுவரருகே லென்சை வைத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். தகட்டில் இல்லாத இலக்கத்தையெல்லாம் படிக்கிறார். எண்ணை எனக்குத்தான் அனுப்புவாராம்.

"அவருக்கு அனுப்புங்களேன், வேலை அவரோடது" என்றேன்.

"அவரு யாரோ சார். மூணாவது மாடி கட்டும்போது பதினெட்டு வருஷம் முன்னாடி நீங்கதானே வந்து பார்த்தீங்க. நீங்க பார்க்கிறீங்கன்னா நான் தைரியமாத் தூங்குவேன்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு. பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறீங்க" என்றார்.

தள்ளித்தான் பிடிக்கிறேனா?

மார்ச் 20, வெள்ளி

முன்பகுதி முடிந்தது. மாத்திரை டப்பா முறைப்படி ஒன்று, ஐந்து, ஒன்பது. விரிசல்: பூஜ்யம். கண்ணாடிக்காரர் அனுப்பியது: "0.02. அது என் கை நடுக்கம்."

ஏப்ரல் 2, வியாழன்

கடையின் பின்பக்கத்தை நோக்கித் தோண்டுகிறார்கள். பின் அறைத் தகடு: 0.4.

ஏப்ரல் 3, வெள்ளி

0.7.

மனச்சாட்சிக்காக எழுதிவைக்கிறேன் — எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை. தேநீர் இன்று நன்றாக இருந்தது. நூற்று நாற்பத்திரண்டு வண்ணப் பக்கங்களில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது, நான்கு நாள் உழைத்தும் எனக்குக் கிடைக்காததை ஒரு சுவர் கண்டுபிடித்துவிட்டது.

சகலையைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லலாம். ஆனால் 0.7 என்றால், "கவனிச்சுக்கிறேன் அண்ணே, நன்றி" என்பான். ஒன்று ஆகட்டும். ஒன்று என்றால் விதிப்படியே கூப்பிடலாம். எழுத்தில்.

ஏப்ரல் 4, சனி

0.9. இன்னும் ஒன்று ஆகவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

விடுமுறை. கண்ணாடிக்காரரும் அனுப்பவில்லை. மனைவி, "ஏன் போனையே பார்த்துட்டு இருக்கீங்க?" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கண்ணாடிக்காரரின் அழைப்பு. "சார், ஒன்னு புள்ளி ஆறு. இன்னிக்கு லென்ஸே தேவைப்படல. பின் அறைக் கதவு சாத்த மாட்டேங்குது."

சகலைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குழியில் மேஸ்திரி நின்றிருந்தார். "டிராயிங்ல அஸ்திவாரம் ரெண்டு புள்ளி நாலு மீட்டர் ஆழம்னு போட்டிருக்கு சார். முன்னாடி சரியா இருந்துச்சு. இங்க பாருங்க, ஒன்னேகால் மீட்டர்லயே கல்லு முடிஞ்சு போச்சு. கீழ வெறும் மண்ணு. சனிக்கிழமையே கொஞ்சம் உதிர்ந்துச்சு. மழை ஈரம்னு நினைச்சேன்."

இரண்டேகால் மீட்டர் வரை தைரியமாகத் தோண்டிவிட்டார்கள், அஸ்திவாரம் அதற்கும் கீழே இருக்கிறது என்று நம்பி. சுவர் ஒரு மீட்டர் உயரத்துக்கு, உதிரும் மண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது.

இருபது நிமிடத்தில் சகலை வந்தான். குழியைப் பார்த்தான். அவன் கேட்ட முதல் கேள்வி: "மேல யார் இருக்காங்க?" பதிலுக்குக் காத்திராமல் மாடிக்கு ஓடிக் கண்ணாடிக்காரரையும் அவர் மனைவியையும் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தான். நான் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. நான் ஆழத்தை அளந்துகொண்டிருந்தேன்.

குழியை உடனே மண் போட்டு மூட வேண்டும். மண் எங்கே? ஐந்து வாரமாக லாரி லாரியாக ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டோம், வண்ணப் பட்டியலின்படி. சந்தில் முன்பக்க நிலவறைத் தளத்துக்காக ஒரு காங்கிரீட் லாரி நின்றிருந்தது. "அதை அப்படியே இங்க கொட்டுங்க" என்றான் சகலை. "சார், அப்புறம் உடைச்சு எடுக்கணுமே" என்றார் மேஸ்திரி. "உடைச்சுக்கலாம் அண்ணே. சுவரு இருந்தாத்தானே உடைக்க முடியும்." மூட்டைகளை அடுக்கி அணை கட்டி, மொத்த லாரியையும் சுவரின் காலடியில் கொட்டினார்கள். நண்பகலில் 1.9. நான்கு மணிக்கும் 1.9. நின்றுவிட்டது.

அவன் சட்டையில் ஒரு துளி இல்லை.

அதன்பிறகு நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். பல் மருத்துவர் அம்மா, மேஸ்திரி, கண்ணாடிக்காரர் எல்லாரும் நிற்கும்போது கேட்டேன்: "இந்த ரெண்டு புள்ளி நாலு எங்கிருந்து வந்துச்சு தம்பி?"

"பழைய டிராயிங் ஒன்னு அண்ணே."

"யாரோடது?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பார்த்துச் சொல்றேன்."

"எழுத்துல வேணும்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்களை ரசித்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

எழுத்தில் பதில் வரவில்லை. நானே தேடினேன். நூற்று முப்பத்தொன்பதாம் பக்கம், ஆதாரங்கள், ஆறாவது வரி. கண்ணாடிக் கடை, மூன்றாம் மாடி, அஸ்திவார ஆய்வு, பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய தேதி. சரிபார்க்கும்போது ஆதாரப் பக்கத்தை நான் படிக்கவில்லை. அதில் எழுத்தின் அளவு சரியாக இருந்தது.

என் கையெழுத்து. அப்போது அதில் ஒரு சுழி அதிகம்.

ஏப்ரல் 9, வியாழன்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கண்ணால் பார்த்ததற்கு முழுக்கோடு. ஊகித்ததற்கு விட்டுவிட்டு வரும் கோடு. முதல் வருட மாணவனுக்கும் தெரியும். நான் கடையின் முன்மூலையில் ஒரே ஒரு குழி தோண்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே அஸ்திவாரம் 2.4. அங்கிருந்து பின்சுவர் வரை பதினெட்டு மீட்டருக்கு ஒரு முழுக்கோடு. நேராக, அழகாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். பின்பக்கம் யாரோ பிற்பாடு சேர்த்துக் கட்டியது என்று இப்போது தெரிகிறது.

ஏன் பின்பக்கம் தோண்டவில்லை? மழையா? காய்ச்சலா? காரணம் நினைவில் இல்லை. கோடு மட்டும் இருக்கிறது.

கண்ணாடிக்காரருக்கு நினைவிருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போக, கண்ணாடிச் சட்டங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "பின் ரூம்ல லென்ஸ் தேய்க்கிற மெஷின் இருந்துச்சு சார். அதை நகர்த்துங்க, வியாழக்கிழமை வந்து தோண்டிப் பார்க்கிறேன்னீங்க. நாலு பேரைக் கூப்பிட்டு நகர்த்தி வச்சுட்டு நாள் பூரா காத்திருந்தேன். நீங்க வரல. வேற வழியில பார்த்திருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

பெட்டியை மூடிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "வெள்ளிக்கிழமையே புள்ளி ஏழுன்னு அனுப்பினேனே சார். பார்க்கலியா?"

பார்த்தேன் என்று சொல்ல வாய் வரல. என்னத்தைச் சொல்ல? நீங்க மேல தூங்கிட்டு இருந்தீங்க, நான் ஒன்னு ஆகட்டும்னு காத்துட்டு இருந்தேன்னா? மனுஷனா நான்?

ஏப்ரல் 10, வெள்ளி

மனைவியிடம் சொன்னேன், அந்தக் கோட்டைப் பற்றி மட்டும். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு: "தங்கச்சி வீட்டுக்காரருக்கு அது உங்க டிராயிங்னு ஆரம்பத்துலயே தெரியும்ங்க. தங்கச்சி சொன்னா. பின்பக்கமும் தோண்டிப் பார்க்கலாம்னு மேஸ்திரி கேட்டாராம். 'அண்ணன் முழுக்கோடு போட்டிருந்தா அங்க கல்லு இருக்கும்'னு வேண்டாம்னுட்டாராம்."

"நக்கலா?"

"நக்கலா? உங்க புராணம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுன்னு அவ பதினோரு வருஷமாப் புலம்பறா. 'உங்க அக்கா வீட்டுக்காரர் மாதிரி வராது'ன்னு தினமும் பாட்டாம். அதுக்காகவே அவளுக்கு உங்களைக் கண்டா ஆகாது."

சகலை வீட்டில் பிரம்பு நாற்காலி என்னுடையதுதான். இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, சனி

சகலை வீட்டுக்கு வந்தான். விபத்து அறிக்கையை எழுதிக் கொண்டுவந்திருந்தான். "காரணம்" என்ற இடத்தில்: "நிலத்தடி நிலை எதிர்பார்ப்பிலிருந்து வேறுபட்டிருந்தது." அருமையான வாக்கியம். அதில் மனிதர்களே இல்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டா போதும் அண்ணே."

"டிராயிங் என்னோடது."

"தெரியும். நான் தோண்டிப் பார்த்திருக்கணும். என் மேல இருக்கட்டும். எனக்கு வயசு இருக்கு, சமாளிச்சுக்குவேன்."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டேனே, ஏன் சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே, அதான்."

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனாவையும் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. கணக்கில் முந்தினான், நாற்காலியில் முந்தினான், மாடிக்கு ஓடுவதில் முந்தினான். இதில் கையெழுத்திட்டால் நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிடுவான். அதையும் பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

நேர்மைக்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். என்னுடையது இது.

ஏப்ரல் 13, திங்கள்

"காரணம்" என்பதற்குப் படிவத்தில் இரண்டு வரிதான் விட்டிருக்கிறார்கள். தனித்தாள் இணைத்தேன். ஒன்று: பார்க்காத இடத்துக்கு முழுக்கோடு போட்டது நான். இரண்டு: ஏப்ரல் 2 முதல் விரிசல் வளர்வது எனக்குத் தெரியும், 6 வரை வடிவமைப்பாளரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எழுதவில்லை. படிவம் கேட்கவில்லை.

மூன்று: வடிவமைப்பாளர் என் சகலை.

அவனுக்கு ஒரு நகல் அனுப்பினேன். கண்ணாடிக்காரருக்கு ஒரு நகல், நேரில். லென்சை எடுக்காமல் முழுவதும் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரி சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பவரைப் பற்றிக்கூட.

மே 22, வெள்ளி

முடிவு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு நான் யாருடைய வேலையையும் சரிபார்க்கக் கூடாது. சகலைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், ஒரு பக்கம், கறுப்பு வெள்ளை.

படிவத்தையும் திருத்திவிட்டார்கள். ஏழாவது கேள்வியில் புதிதாக ஒரு கட்டம்: "பிற உறவு". இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் இந்த நகரத்தில் என்னால் மட்டுமே எழுந்தது என்று சொல்ல அந்த ஒரு கட்டம் இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

மாமனார் வீடு. "பெரிய மாப்பிள்ளை, நீங்க இப்படி உக்காருங்க" என்று பிரம்பு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். ஒரு கால் குட்டை. பதினோரு ஆண்டுகளாக அவன் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் காட்டாமல்.

ஜூலை 6, திங்கள்

கண்ணாடிக்காரர் கடைக்குத் திரும்பிவிட்டார். பின்பக்கத்தையும் காங்கிரீட் தாங்குகிறது. மூன்று மாதமாக அளவு 1.9. கதவை இழைத்துச் சாத்த வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. போகத் திரும்பியபோது, "பவர் பார்த்துட்டுப் போங்க" என்றார். ஒன்றேகால் ஏறியிருக்கிறது. பின் அறைச் சுவரருகே உட்காரவைத்துத்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

சகலைக்கு இன்னொரு வேலை, ஐந்தரை மீட்டர் அகலம், பக்கத்தில் பழைய அச்சகம். சுற்றியுள்ள அஸ்திவாரங்களைத் தோண்டிப் பார்த்து வரைந்து தர முடியுமா என்று கேட்டான். அதற்கு எனக்குத் தடை இல்லை. முட்டிக்கால் போட்டுச் செய்கிற வேலை என்பதால் தடை செய்ய யாருக்கும் தோன்றவில்லை போலும்.

ஒன்பது குழிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, கல்லின் அடியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். பின்மூலையில் எண்பது சென்டிமீட்டருக்குக் குறுக்கே கழிவுநீர்க் குழாய். கை எட்டவில்லை. அந்த எண்பது சென்டிமீட்டருக்கு விட்டுவிட்டு வரும் கோடு போட்டு அனுப்பினேன்.

மாலையில் அழைத்தான். "நாளைக்குக் குழாயை நகர்த்தச் சொல்லியிருக்கேன் அண்ணே. ஏழரைக்கு வந்துடுங்க."

"எண்பது சென்டிமீட்டர்தானே. நீயே எட்டிப் பாரேன்."

"நானும் வர்றேன். ஆனா நீங்க பார்த்தாத்தான் கோடு போட முடியும்."

ஆகஸ்ட் 19, புதன்

குழாயை நகர்த்தியிருந்தார்கள். இருவரும் இறங்கினோம். குழி ஓர் ஆளுக்கான அகலம். அவன் விளக்கைப் பிடித்தான், நான் கையை விட்டேன். கல் இருந்தது, ஒன்று புள்ளி ஒன்பதில், கடைசி வரை.

எண்பது சென்டிமீட்டர், முழுக்கோடு.

மேலே ஏறும்போது அவன் சறுக்கினான். தோளிலிருந்து இடுப்பு வரை சேறு, வெள்ளைச் சட்டையில். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.